இரண்டாவது வழியனுப்பு

அந்தக் கறுப்புப் பெட்டி என்னுடையது இல்லை சார். மேல் பெர்த்தில் படுத்திருக்கிறானே, அவனுடையது. என் அண்ணன். பெட்டி மேல் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிற பேரும் நம்பரும் அவனுடையவைதான். எனக்கு இந்தத் துணிப்பை மட்டும். கால் இடித்தால் சொல்லுங்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடுகிறேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். ரேணிகுண்டா தாண்டித்தான் கண்ணை மூடினான்.

ஆமாம், ராணுவம்தான். ஜம்மு வரைக்கும் போகிறோம். அங்கே அவனை அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். நான் திரும்பிவிடுவேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. ராணுவக்காரனைக் கொண்டுபோய் விடத் தம்பி எதற்கு? தப்பாக நினைக்கவில்லை சார், நானே என்னைக் கேட்டுக்கொள்கிற கேள்விதான். டிக்கெட் பரிசோதகர்கூட ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் போனார். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி... இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. ஓடி வந்தவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவன் ஓடி வரவில்லை. லீவில் வந்தான், திரும்பிப் போகவில்லை. இரண்டும் வேறு வேறு. சட்டத்திலும் வேறு வேறு. நான் படித்துப் பார்த்தேன். ஆனால் இன்னும் சில நாள் போயிருந்தால் இரண்டும் ஒன்றாகியிருக்கும். அதனால்தான் இந்த அவசரம்.

நாக்பூர் வரைக்கும் வருகிறீர்கள் இல்லையா? மகள் வீடு. நல்லது. அப்படியானால் உங்களிடம் சொல்லலாம். இறங்கிப் போய்விடுவீர்கள். எங்கள் பக்கத்து ஆள் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் மேல்மாந்தாங்கல். காட்பாடியிலிருந்து டவுன்பஸ். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருக்கிற ஊர். எங்கள் ஊரில் சொந்தம்கூட ரேங்கோடுதான் வரும். நாயக் சித்தப்பா, ஹவில்தார் பெரியப்பா, சுபேதார் மாமா. சுபேதார் மாமாதான் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குத் தலைவர். பால் வாங்கப் போகும்போதும் காலில் பூட்ஸ் இருக்கும், மேலே லுங்கி.

லீவு முடிந்து ஒருத்தன் கிளம்புகிறான் என்றால் ஊரே பஸ் நிறுத்தத்துக்கு வரும். அங்கே சிமென்ட்டில் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். அதன் கீழே ஓய்வு பெற்றவர்கள் வரிசையாக நிற்பார்கள். அம்மா விபூதி வைப்பாள். யாரும் அழக்கூடாது. பஸ் கிளம்பி ரைஸ்மில் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைக்கக்கூடாது. போகிறவன் திரும்பிப் பார்த்தால் கடைசியாக அவன் கண்ணில் படுவது சிரித்த முகமாக இருக்க வேண்டும். பஸ் மறைந்த பிறகு அழலாம். அழுவார்கள். வெளியூரிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முந்தானையை எடுப்பார்கள். ஆனால் அதில் அர்த்தம் இருக்கிறது. படிக்கப் போன பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

நான் எம்.ஏ. சார். பாதுகாப்பியல். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். அப்பா ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார். அவர் போன பிறகு, பிளஸ் டூ முடித்த கையோடு அண்ணன் ஆள்சேர்ப்புக்குப் போனான். நான் படிக்க வேண்டும் என்றுதான் போனான். அப்புறம் நானும் ஒரு தடவை போனேன், மறைக்க என்ன இருக்கிறது. ஓட்டத்தில் மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு முட்டியது என்று வீட்டில் சொன்னேன். முட்டவில்லை. ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அன்றிலிருந்து ஊரில் என் பேர் 'மூணாவது ரவுண்டு'. கடைக்குப் போனால், "இன்னாடா மூணாவது ரவுண்டு, தீப்பெட்டியா?" என்று கேட்பார்கள். பிள்ளைகள்கூட.

ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு 'போரில் மன உறுதியின் பங்கு'. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. உட்கார்ந்தவன்தானே சார் ஏன் உட்கார்கிறார்கள் என்று யோசிப்பான்? துப்பாக்கி இருக்கும், ரேஷன் இருக்கும், ஆள் இருக்கும், எல்லாம் இருந்தும் ஒரு படை உட்கார்ந்துவிடும். பாதி ஆள், பாதி வயிறு, இன்னொரு படை நிற்கும். என்ன வித்தியாசம்? தளபதிகள் எழுதிய புத்தகங்களில் பெரிய பெரிய காரணம் எல்லாம் இருக்கிறது. ஒரு சிப்பாய் என்ன சொல்கிறான் என்று எதிலும் இல்லை. எனக்கு வீட்டிலேயே சிப்பாய் இருந்தான். அவனைக் கேட்டேன்.

அண்ணன் பேர் தணிகைவேல். அவன் இருந்தது பனிமலை மேல் ஒரு போஸ்ட். வாரம் ஒரு தடவை சாட்டிலைட் போனில் பேச முறை வரும். முதலில் அம்மாவிடம் பேசுவான். தண்ணி வருதா, முட்டிக்குத் தைலம் தேய்க்கிறியா, அவ்வளவுதான் அவன் கேட்பது. பிறகு என்னிடம். நான் கேள்வியை எல்லாம் தயாராக வைத்திருப்பேன். பசித்தால் சண்டை வருமா, பாட்டுப் பாடுவீர்களா, கடிதம் வராத நாளில் எப்படி இருக்கும், இப்படி. அவனும் பொறுமையாகச் சொல்வான். தம்பி படிப்புக்கு என்றால் எதையும் செய்வான்.

போகி அன்றைக்கும் பேசினோம். தெருவில் பழைய பாயைப் போட்டு எரிக்கிறார்கள், ஒரே புகை, நான் இருமிக்கொண்டே கேட்கிறேன். "பின்னாடி ஆள் நிக்கிறாங்கடா பார்த்தி" என்றான். "கடைசியா ஒரே ஒரு கேள்விண்ணா" என்றேன். அங்கே யாரோ அவனிடம் ஏதோ சொன்னார்கள். அண்ணன் சிரித்துவிட்டு, "சரிடே" என்றான் அந்த ஆளிடம். பிறகு என் கேள்விக்குப் பதில் சொன்னான். நல்ல பதில் சார். அதைத்தான் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் தனி வரியாகப் போட்டேன். பேராசிரியர் அதன் கீழே கோடு போட்டு 'அருமை' என்று எழுதினார்.

அந்த 'டே' எங்கள் பக்கத்து வழக்கு இல்லை. அது பேச்சிமுத்துவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பேச்சிமுத்து யாரென்று சொல்லவில்லையே. தென்காசிப் பக்கம். அண்ணனோடு ஜோடி. அங்கே இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விடுவார்கள். இவன் கயிற்றை அவன் பிடிக்க வேண்டும், குளிரில் அவன் விரல் கறுக்கிறதா என்று இவன் பார்க்க வேண்டும். ஒரே தட்டில்தான் சாப்பாடு. நானும் அவனோடு போனில் பேசியிருக்கிறேன். "என்னடே புரொபசரு" என்பான்.

அவன் பொங்கலுக்கு முந்தின நாள் இறந்துபோனான். மலைச்சரிவில் ஒரு விபத்து.

உடலோடு அவன் ஊருக்கு அண்ணனைத்தான் அனுப்பினார்கள். ஜோடி என்றால் அப்படித்தான். அங்கிருந்து நேராக லீவில் வீட்டுக்கு வந்தான். வந்தவன் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அம்மா தட்டில் சோறு போட்டால் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுவான். அந்தப் பாதி அப்படியே இருக்கும். அம்மா என்னிடம், "ருசியா இல்லையாடா?" என்று கேட்டாள்.

லீவு முடிந்தது. வழியனுப்பு நடந்தது. நன்றாகத்தான் நடந்தது. விபூதி வைத்தாள் அம்மா, சுபேதார் மாமா சல்யூட் வைத்தார், அண்ணனும் ஜன்னலிலிருந்து சிரித்தான். பஸ் ரைஸ்மில் திருப்பத்தில் மறைந்தது, பெண்கள் அழுதார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பின்பக்கக் கதவு தட்டுகிற சத்தம். அண்ணன், தலையில் இந்தப் பெட்டியோடு. காட்பாடி ஸ்டேஷனில் வண்டி வந்ததாம், நின்றதாம், போனதாம். இவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தானாம். "உக்காந்துட்டேன்டா பார்த்தி" என்றான்.

உட்கார்ந்துவிட்டேன் என்று. என்னிடம் வந்து.

வெட்கமாக இருந்தது சார். உண்மையைச் சொல்கிறேன். அவனுக்கு என்ன ஆயிற்று என்கிற கவலை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். தெருவில் என்னை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் ஊரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கொடுமை. அண்ணன் தெருவில் இறங்கினால் வாசலில் இருப்பவர்கள் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். கோபம் இல்லை. அவனை யாரும் பார்க்கவில்லை என்றால் அவன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம், அவ்வளவுதான். அவனுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார்கள். அம்மா அவன் துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள்.

அப்புறம் ஒன்று நடந்தது. ஆள்சேர்ப்புக்காக எங்கள் ஏரிக்கரையில் காலையில் பையன்கள் ஓடுவார்கள். அவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். ஒருத்தன் ஐ.டி.ஐ. படிக்கப் போகிறேன் என்றான். ஒருத்தனை அவன் அம்மாவே எழுப்பவில்லை. சுபேதார் மாமா என்னை வளைவுக்குக் கீழே கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒர்த்தன் உக்காந்தா பின்னால வர்றவனெல்லாம் தடுக்கி விழுவான். பாத்துக்கினு இருக்கியா?"

"பாத்துக்கினுதான் இருக்கேன் மாமா."

"பாத்துக்கினு இருந்தா? நீ இன்னாமோ அதப் பத்திதான் படிச்சியாமே. ஏதுனா பண்ணு பார்த்திபா."

பார்த்திபா என்றார் சார். மூணாவது ரவுண்டு என்று சொல்லவில்லை. அவ்வளவு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த மனிதர் வாயில் என் பேர் வந்தது.

நான் யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன், அவசரப்படவில்லை. மன உறுதி ஏன் விழுகிறது? செய்ததற்கு அர்த்தம் இல்லை என்று தோன்றும்போது விழுகிறது. எப்படி நிமிரும்? கௌரவம் கிடைத்தால் நிமிரும். இது நான் சொல்வதில்லை, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதனால் சங்கத்து ஆண்டு விழாவில் அண்ணனை மேடையில் உட்கார வைத்துப் பாராட்டுவது என்று முடிவு செய்தேன். அண்ணனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. சிறப்பு விருந்தினராகப் பேச்சிமுத்துவின் அம்மாவைக் கூப்பிட்டேன். இசக்கியம்மாள். போனில் சொன்னதும், "தணியைப் பாக்கலாமா? அப்பம் வாரேன்" என்றார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வருவதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. திடீரென்று பார்த்தால் மனசு நெகிழும் என்று நினைத்தேன்.

பாராட்டு உரையை நானே எழுதினேன். ஒன்று கவனியுங்கள் சார், அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. யாரும் சுட்டார்கள் என்று நான் எந்த இடத்திலும் எழுதவில்லை. 'எதிரியை நோக்கி நின்ற மலைச்சரிவில், கடமையின் சுமையைத் தோளில் ஏந்தி, தன் தோழனுக்காக முன்னே சென்றான் பேச்சிமுத்து' என்று எழுதினேன். அந்தச் சரிவு எதிரியை நோக்கித்தான் இருந்தது. அண்ணனே முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறான். கேட்கிறவர்கள் சண்டை என்று எடுத்துக்கொண்டால் அது அவர்கள் எடுத்துக்கொள்வது. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விழா அன்றைக்கு இசக்கியம்மாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மெலிந்த உடம்பு. கையில் பனையோலைப் பெட்டி, அது நிறையக் கருப்பட்டி. சங்கத்துக் கட்டடத்தில் தங்க வைத்தேன். சாயங்காலம் அண்ணனைச் சட்டை மாட்ட வைத்து, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தேன். மேடையில் அவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"வா தணி. என்னய்யா இப்பிடி மெலிஞ்சு போயிட்டே?" என்றார்கள்.

அவன் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை. நெகிழ்ச்சி என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தேன். என் குரல் நன்றாக இருந்தது. 'கடமையின் சுமை' என்ற இடத்தில் கை தட்டினார்கள். ஏரிக்கரைப் பையன்கள் விசில் அடித்தார்கள். சுபேதார் மாமா எழுந்து, "வீரன் பேச்சிமுத்துக்கு" என்று கத்தினார், கூட்டம் "வீர வணக்கம்" என்றது. அந்தச் சத்தத்தில் எனக்குப் புல்லரித்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு சுற்றை முழுசாக ஓடி முடித்த மாதிரி இருந்தது.

அப்போது அண்ணன் எழுந்தான். மைக்குக்கு வரவில்லை. இசக்கியம்மாள் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். மெதுவாகத்தான் பேசினான். நான் பக்கத்தில் மைக்கோடு நிற்கிறேன். அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"யாரும் சுடலைம்மா. சண்டை எதுவும் இல்ல. மண்ணெண்ணெய் கேன் எடுக்கப் போனான். ஐஸ்ல கால் வழுக்கிட்டுது."

விசில் அடித்த பையன்கள் திரும்பி சுபேதார் மாமாவைப் பார்த்தார்கள்.

"அன்னிக்குப் போக வேண்டியது என் முறை. நான் போன்ல இருந்தேன். 'நீ பேசுடே, நான் போயிட்டு வாரேன்'னு கேனைத் தூக்கிக்கினு போனான். நானும் சரிடேன்னு சொல்லிட்டேன். கயித்தைப் பிடிக்க ஆள் இல்லாம போனான்."

அந்த அம்மா அவன் பக்கம் குனிந்தார்கள்.

"வழுக்கிட்டா விழுந்தான்?"

"ஆமாம்மா."

"ரொம்ப நேரம் கெடந்தானா?"

"இல்லம்மா. அப்பவே போயிட்டான். நான்தான் முதல்ல போய்ப் பாத்தேன்."

"ஆபீசர் வந்து விபத்துன்னுதான் சொன்னாவ. ஊர்ல ஒருத்தரும் நம்பலை. குண்டு பட்டுத்தான் செத்தான், நம்மகிட்ட மறைக்கிறாவன்னு சொன்னாவ. அதுலயிருந்து கண்ண மூடுனா எங்கன பட்டுச்சோ, எவ்வளவு நேரம் தண்ணி தண்ணின்னு கெடந்தானோன்னுதான் வரும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். "சின்னதுலயும் அப்பிடித்தான். குளத்துப் படியில நூறு தடவை வழுக்குவான். 'பாத்து நடலே'ன்னு சொன்னா கேக்க மாட்டான்."

பிறகு அண்ணன் தலையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். அவன் அழுதான். மைக்கில் அதுவும் கேட்டது.

விழா அத்தோடு கலைந்தது. பாராட்டுக் கேடயம் என் கையிலேயே இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. சுபேதார் மாமா மட்டும் இறங்கிப் போகும்போது, "நல்லா பண்ண போ, மூணாவது ரவுண்டு" என்றார். என்னவெல்லாம் படித்துவிட்டு, ஊர் நடுவில் அண்ணனை அழ வைத்தேன் சார். கௌரவம் கொடுக்கப் போய், மானத்தை மைக்கில் ஏற்றிவிட்டேன். மன உறுதியைப் பற்றிப் படித்தவன் செய்கிற வேலையா அது?

மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், அண்ணன் பின்பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறான். "டிக்கெட் பாருடா, நாளைக்குப் போகணும்" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் திடீரென்று கிளம்பினான்? விழா தோல்விதான். ஆனாலும் நான் வாசித்ததில் ஏதோ ஒரு வரி அவனுக்குள் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் வேறென்ன காரணம், சொல்லுங்கள்? அன்று ராத்திரி தட்டில் போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டான்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். "கூடவே போ. வழியில எறங்கிக்கப் போறான்" என்றார். "வழியனுப்பு மாமா?" என்று கேட்டேன். "அனுப்புன ஆளை மறுபடி எப்படிடா அனுப்பறது?" என்றார். அதுவும் சரிதான். எங்கள் ஊரில் ஒருத்தனை இரண்டு தடவை வழியனுப்பியதே இல்லை. அதற்கு முறையே கிடையாது.

அதனால் இன்று காலையில் வளைவில் யாரும் இல்லை. நான், அம்மா, அண்ணன், இசக்கியம்மாள், அவ்வளவுதான். அந்த அம்மா அவனை அனுப்பிவிட்டுத்தான் போவேன் என்று இருந்துவிட்டார்கள். வந்து நின்றதும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்கள்: "என்ன ஊரு இது? பட்டாளத்துக்குப் போற பிள்ளைய அனுப்ப ஒருத்தரும் வர மாட்டாவளா?" அடைத்திருந்த கதவுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். பஸ் வரும் முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டார்கள். வாய்விட்டு. அண்ணன் கையை விடவே இல்லை.

எனக்கு உடம்பு கூசியது. எங்கள் அம்மா பதறிப்போய், "அழாதக்கா, அழக்கூடாதுக்கா, பஸ்சு திரும்பட்டும்" என்றாள்.

"திரும்புன பொறவு அழுதா அது அவனுக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார்கள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவளும் அழுதுவிட்டாள். அப்பா இறந்த அன்றைக்குப் பிறகு, அம்மா அழுவதை அண்ணன் பார்த்தது இன்றைக்குத்தான். பால் கடை பக்கம் சுபேதார் மாமா நின்றுகொண்டிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஆனால் பஸ் அவரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், லுங்கிக்குக் கீழே இரண்டு பூட்ஸும் குதிகால் சேர்ந்து நின்றன.

அவ்வளவுதான் சார் கதை. காட்பாடியில் வண்டி வந்ததும் அண்ணன்தான் முதலில் ஏறினான். நான்தான் கொஞ்சம் தடுமாறினேன், அவன் கை கொடுத்தான். காவலுக்கு வந்தவனுக்கு.

என்ன கேட்டீர்கள்?

யாரோடு போனில் இருந்தான் என்றா.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அந்த அம்மா கேட்கவில்லை. மேடையிலும் கேட்கவில்லை, அதற்கப்புறம் வீட்டில் எங்கள் அம்மாவோடு உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கும்போதும் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. இத்தனை நாளில் என்னிடம்கூட, ஒரு பார்வைகூட இல்லை. வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்திருப்பான், யார் வீட்டுக்குப் பேச மாட்டார்கள்? அம்மாவிடம் பேசி முடித்திருந்தான் சார். தண்ணி வருதா என்று கேட்டு முடித்துவிட்டான். போனை வைக்கப் போனான்.

நான் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான். 'பயம் வந்தா எதை நெனைச்சுக்குவ அண்ணா? நாட்டையா, வீட்டையா, சாமியையா?'

அதற்கு அவன், "ஒண்ணையும் நெனைக்க மாட்டேன்டா. பக்கத்துல திரும்பிப் பாப்பேன், பேச்சி நிக்கிறானான்னு. நின்னா பயம் இல்ல" என்றான்.

இதுதான் அந்த முதல் பக்கத்து வரி. பேராசிரியர் கோடு போட்ட வரி. அவன் இதைச் சொல்லும்போது பேச்சிமுத்து பக்கத்தில் இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னேன் சார், எழுதிக்கொள்ள.

இல்லை, அண்ணனிடம் சொல்லவில்லை. என்ன சொல்வது? அவனுக்குத் தெரியாததா? மேடையில் மைக் என் கையில்தானே இருந்தது, 'என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தான்' என்று ஒரு வரி நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன், பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஜம்மு வரைக்கும் வழி இருக்கிறதே என்று டிக்கெட் எடுத்தேன். மாமா சொன்னதற்காக மட்டும் நான் வரவில்லை. இப்போது அவன் தூங்குகிறான். எழுந்ததும்...

என்ன சார், மேலே பார்க்கிறீர்கள்?

கருப்பட்டி. இரண்டு துண்டு. வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று உங்களுக்குத்தான் நீட்டுகிறான்.

அண்ணா, நீ தூங்கலையா?

எதுலயிருந்து கேட்டுக்கினு இருக்க?

சார், அவன் என்ன சொன்னான் என்று உங்களுக்குக் கேட்டதா? விசிறிச் சத்தத்தில் எனக்குச் சரியாக... இல்லை. கேட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. "அதை மறுபடி சொல்லு. சார்கிட்ட இல்ல, என்கிட்ட" என்றான்.

நீங்கள் தப்பாக நினைக்காவிட்டால் கொஞ்சம் எழுந்து அந்தப் பக்க சீட்டில் உட்கார முடியுமா சார்? அண்ணன் இறங்கி வருகிறான்.